நெஞ்சில் கட்டினால் ஆன்டெனா படுத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட் பொண்ணு:
கடைசி ஆண்டு ப்ராஜெக்ட். அப்பா மாதிரி செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு இதயத்துடிப்புப் பட்டை செய்கிறேன். புளூடூத், 2.45 கிகாஹெர்ட்ஸ். மேசையில் இருந்தால் சமிக்ஞை லயத்தின் (தோட்ட வீட்டு வரிசையின்) கோடி வரை போகிறது. அப்பா கட்டிக்கொண்டால் வாசலைத் தாண்டவில்லை. இன்னொரு தொல்லை, அவர் கம்பு அரிவாளை இழுத்தால் துடிப்பு தாறுமாறாக ஏறுகிறது.

பழைய ரேடியோக்காரன்:
உடம்புதான் காரணம், தங்கச்சி. அந்த அலைவரிசையில் தசையின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தை ஒரு பொருள் எவ்வளவு பாதிக்கிறது என்ற அளவு) சுமார் 53, காற்றுக்கு 1. பக்கத்தில் போனதும் ஆன்டெனாவின் ஒத்ததிர்வு, அதாவது அது நன்றாக வேலை செய்யும் அலைவெண், கீழே இறங்கும். மிச்ச சக்தியைத் தசை உறிஞ்சிவிடும். மோனோபோல் (ஒற்றைக் கம்பி மாதிரி ஆன்டெனா) போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன். பேட்ச் ஆன்டெனாவுக்கு மாறு, அது தரைத்தகட்டின் மேல் உட்காரும் தட்டையான உலோகத் துண்டு. அதன் தரைத்தகடு உடம்புப் பக்கம் முழுசாக இருக்கட்டும், பேட்சைவிட அகலமாக. எஃப்ஆர்4 போர்டில் (சாதாரணக் கண்ணாடியிழை சர்க்யூட் போர்டு) பேட்சின் நீளம் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் வரும். பட்டை தடிக்கும், வேறு வழியில்லை. சோதனைக்கு அப்பாவையே உட்கார வைக்காதே, பாவம்! தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கரைத்துப் போலித் தசை செய்யலாம்: சர்க்கரை மாறிலியைக் குறைக்கும், உப்பு மின்கடத்தலைக் கூட்டும்.

ஈசிஜி பைத்தியம்:
துடிப்பு ஏறுவதாகக் காட்டுவதற்குக் காரணம் தசைச் சமிக்ஞையும் மின்முனை நகர்வும். ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பையும் கண்டுபிடிக்க 1985இல் வந்த பான்–டாம்ப்கின்ஸ் முறையைப் பார். 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, சரிவைக் கண்டு, வர்க்கமாக்கி, 150 மில்லிவினாடிச் சாளரத்தில் கூட்டும். எம்ஐடி–பிஐஹெச் என்ற பொது ஈசிஜி தரவில் மட்டும் சோதித்து மார்க் வாங்கிவிடாதே. அந்த 48 பதிவுகளில் யாரும் குலை வெட்டவில்லை. உடல் அசைவை அளக்க முடுக்கமானி ஒன்றும் சேர்.

சுங்கை சிப்புட் பொண்ணு:
மோனோபோல்தான் அண்ணே! எஃப்ஆர்4 போர்டு ஈப்போவில் எந்தக் கடையில் கிடைக்கும்?