அமெரிக்காவிலிருந்து 23 அடி பழைய படகு: இறக்குமதி செய்யலாமா, விட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

மோர்ட்டன்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் இருக்கிறேன். மோர்ட்டன் விரிகுடாவில் மீன் பிடிக்கவும், பிள்ளைகளோடு தங்கலூமா பக்கம் போய்வரவும் ஒரு படகு தேடி எட்டு மாதமாகிறது. அப்பா தூத்துக்குடியில் வள்ளத்தில் போனவர். அடுத்த வருஷம் இங்கே வருகிறார், அவரை ஒருநாளாவது கடலுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இங்கே நான் தேடும் அளவில், ஓரளவு நல்ல நிலையில் உள்ள படகுக்கு 76,000 டாலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் ஊரில் ஒன்று பார்த்திருக்கிறேன். 2007 மாடல், 23 அடி ஃபைபர் படகு, 250 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே தொங்கும் எஞ்சின்), இரட்டை அச்சு அலுமினிய ட்ரெய்லர். நம்ம ஆஸ்திரேலிய டாலரில் 42,000. ட்ரெய்லரோடு உருட்டி ஏற்றும் கப்பலில் அனுப்ப 13,500, இன்ஷூரன்ஸ் 800. ஆக 56,300. இருபதாயிரம் மிச்சமாகும் என்று தோன்றுகிறது. விற்பவர் 41 படங்கள் அனுப்பியிருக்கிறார், படகு பளபளவென்று இருக்கிறது. வெள்ளிக்குள் முன்பணம் கேட்கிறார்.

என் கணக்கில் என்ன விட்டுப்போயிருக்கிறது?

வள்ளக்காரன் எழுதியது:

தம்பி, முன்பணத்தை இப்ப அனுப்ப வேண்டாம். மெல்பனில் 19 வருஷமாகப் படகு திருத்தும் வேலை செய்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த படகுகள் கனக்க என் கையால் போயிருக்கின்றன. நல்லதும் வந்திருக்கிறது.

முதலில் அகலம். உங்கள் படகின் விவரத்தில் 8 அடி 6 அங்குலம் என்று போட்டிருக்கும், ஒருக்கா பாருங்கள். 102 அங்குலம் என்பது அங்கே சாலையில் போகக்கூடிய அதிகபட்ச அகலம், அதற்கேற்றபடிதான் அவர்கள் படகைச் செய்வார்கள். மீட்டரில் 2.59. இங்கே எல்லை 2.5 மீட்டர். அந்த 9 சென்டிமீட்டரால் ஒவ்வொரு முறை சாலையில் இழுக்கும்போதும் அது அகலம் கூடிய சுமைதான். உங்கள் மாநிலத்தில் அதற்கு என்ன நிபந்தனை என்று பார்த்து, அதன்படிதான் போக வேண்டும். கன்டெய்னர் கதவு சுமார் 2.34 மீட்டர் என்பதால் அதற்குள்ளும் நேராக நுழையாது.

அடுத்தது ட்ரெய்லர். படகைவிட இதுதான் அதிகம் பேரை அழ வைத்தது. இங்கே ட்ரெய்லர் ஒரு சாலை வாகனம். 2021 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் வாகனத் தரச் சட்டப்படி, அது கப்பலில் ஏறும் முன்பே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அந்தப் படகு எரிபொருளோடு சேர்ந்து 2 டன்னைத் தாண்டும். தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், அது ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயங்க வேண்டும், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கவும் வேண்டும். அங்கே பெரும்பாலும் இருப்பது, வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் அழுத்தத்தில் வேலை செய்கிற பிரேக். இங்கே 2 டன்னுக்கு மேல் அது செல்லாது. பின்பக்கம் திரும்பு விளக்கு அங்கே சிவப்பு, இங்கே ஆரஞ்சு. இணைப்புக் குண்டுகூட அங்கே 50.8 மில்லிமீட்டர், இங்கே 50. எல்லாவற்றையும் மாற்றுவதைவிட ட்ரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு இங்கே புதிதாக வாங்குவது மேல். இந்த அளவுக்கு எங்கள் பட்டறையில் கடைசியாகப் போட்ட ட்ரெய்லர் 14,000 டாலர்.

எஞ்சினில் புகை உமிழ்வுச் சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா? 2018 ஜூலை 1 முதல் சான்று இல்லாத அவுட்போர்டை இறக்குமதி செய்யக் கூடாது. 2007 ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் அமெரிக்கச் சான்று இருக்கும், அந்த வருஷத்துச் சான்றை இங்கே ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரைக் கிட்டப் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, எனக்கு மனதுக்குள் இடிக்கிற விஷயம். ஃபோர்ட் மையர்ஸ் என்கிறீர்கள். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் அடித்தது அந்தக் கரையில்தான். அங்கே சில இடங்களில் கடல் 10 அடிக்கும் மேல் ஏறி ஊருக்குள் வந்தது. அன்றைக்கு இந்தப் படகு எங்கே நின்றது? அதைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

வரியை நீங்கள் சேர்க்கவே இல்லையே. படகுக்கு சுங்கம் 5 சதவீதம். அமெரிக்காவில் செய்தது என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், 2005 முதல் இருக்கும் வர்த்தக ஒப்பந்தப்படி அது இல்லை. எஞ்சின் ஜப்பானில் செய்ததாக இருந்தால் என்ன ஆகும் என்று கஸ்டம்ஸ் புரோக்கரிடம் (சுங்க வேலைகளை நமக்காகச் செய்து தருபவர்) முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி 10 சதவீதம் எப்படியும் உண்டு. பலரும் படகு விலைக்கு மட்டும் போடுகிறார்கள், அது தவறு. விலை, சுங்கம், கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட்டி அதன் மேல் 10 சதவீதம். உங்கள் 56,300க்குச் சுங்கமே இல்லாவிட்டாலும் 5,630. சுங்கம் போட்டால் அது 2,100, ஜிஎஸ்டியும் 5,840 ஆகும்.

தென்றல் எழுதியது:

நாங்கள் 2021இல் ஒரு படகு கொண்டுவந்தோம், அதனால் சொல்கிறேன். ஏற்பாடு செய்த ஏஜென்ட் படகைக் கழுவித்தான் அனுப்புகிறோம் என்றார். வெளியே கழுவியிருந்தார்கள். இங்கே வெளிநாட்டுப் பூச்சி, விதை வராமல் பார்க்கும் உயிரிப் பாதுகாப்பு அதிகாரி தூண்டில் வைக்கும் பெட்டிக்குள் ஒட்டியிருந்த கம்பளத்தின் ஓரத்தை விரலால் தூக்கினார். அடியில் காய்ந்த புல் விதைகள், மூலையில் ஒரு குளவிக்கூடு. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், வயிறு கலங்கிவிட்டது. மறுபடி கழுவி, மறுபடி சோதித்து, காத்திருந்த நாட்களுக்கு வாடகை கட்டி 3,100 டாலர் போனது.

அனுப்பும் மாதத்தையும் பாருங்கள். செப்டம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை அமெரிக்காவிலிருந்து ஏற்றினால் நாற்றப்பூச்சிப் பருவம், சரக்கோடு ஒட்டி வரும் பூச்சி அது. சூடேற்றியோ புகையடித்தோ சான்று வாங்க வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை ஏற்றினால் அந்தச் செலவு இல்லை. ட்ரெய்லர் இல்லாமல் மரத் தாங்கியில் வைத்து அனுப்புவதாக இருந்தால், மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரை குத்தியிருக்கிறதா என்று படத்தில் பாருங்கள். மரம் முறைப்படி பதப்படுத்தப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மோர்ட்டன்கரை எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அகலம் நீங்கள் சொன்ன அதே 8 அடி 6 அங்குலம். எஞ்சின் ஸ்டிக்கர் இருக்கிறது, தெளிவான படம் வந்தது. ட்ரெய்லரை அவரே வைத்துக்கொண்டால் நம் பணத்தில் 4,600 குறைப்பாராம்.

புயல் பற்றிக் கேட்டதற்கு இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம் "படகு லிஃப்டில் நின்றது, ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு வரி. படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் அந்த லிஃப்ட் எங்கே என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

வள்ளக்காரன் எழுதியது:

அப்படியென்றால் நீங்களே காசு கொடுத்து அங்கே படகைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு சர்வேயரை வையுங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். அவரிடம் இரண்டு வேலைகளைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

ஒன்று, எஞ்சின் தொங்கும் பின்பலகை. அந்தக் காலத்துப் பல படகுகளில் ஃபைபருக்கு நடுவே பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஊறிப்போய்விடும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் "டக்"கென்று கேட்கும், ஊறிய இடம் "தொப்"பென்று அடங்கிப்போகும். எஞ்சினை மேலே தூக்கி, கீழ்முனையைப் பிடித்து அழுத்தும்போது பின்பலகை அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சுக்கான் சக்கரத்துக்கு (ஸ்டீயரிங்) கீழே இருக்கும் மூடியைக் கழற்றி வயர்களைப் பார்க்க வேண்டும். மேலே எவ்வளவு மெருகு போட்டாலும் அந்த இடத்தை யாரும் துடைப்பதில்லை. செம்பில் பச்சைப் பொடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை இருக்கிறதோ, அவ்வளவு உயரம் உப்புத் தண்ணீர் நின்றிருக்கும்.

படகு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கம் வலது மூலையில் 12 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருஷம். அது உரிமைப் பத்திரத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும்.

மோர்ட்டன்கரை எழுதியது:

சர்வேயர் அறிக்கை நேற்றிரவு வந்தது. செலவு 900 டாலர். படகு எண் சரி. பின்பலகையில் வலது கீழ் போல்ட்டைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு ஈரம். சுக்கான் மூடிக்குள் பச்சைப் பொடி தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் வரை, ஒரே மட்டத்தில் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கை நடுங்கியது. இந்தப் படகில்தான் பிள்ளைகளையும் அப்பாவையும் ஏற்ற இருந்தேன்.

கணக்கையும் மறுபடி போட்டேன். ட்ரெய்லர் இல்லாமல் படகு 37,400. கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் சேர்த்தால் 51,700. ஜிஎஸ்டி 5,170. இங்கே ட்ரெய்லர் 14,000. புரோக்கர், துறைமுகம், சோதனை என்று 3,500. சர்வேயர் 900. மொத்தம் 75,270. அதாவது படகு நல்லதாகவே இருந்திருந்தாலும் மிச்சம் 730 டாலர்தான். அதுவும் சுங்கம் இல்லை என்றால்.

வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இங்கே பிரிஸ்பேனுக்குக் கிட்ட ரெட்லண்ட் பே பக்கம் 2009 மாடல் ஒன்று இருக்கிறது, அகலம் 2.48 மீட்டர், 77,000 கேட்கிறார்கள். சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். அண்ணா, போனதும் முதலில் எதைப் பார்க்கட்டும்?

வள்ளக்காரன் எழுதியது:

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டுவிட்டு, சுக்கான் மூடியைக் கழற்றுங்கள். ஒரு டார்ச்சும் நட்சத்திர ஸ்க்ரூடிரைவரும் கொண்டுபோங்கள். படங்களை இங்கே போடுங்கள், ஞாயிறு காலை நான் பார்க்கிறேன்.