லெந்து நாட்களில் சபை மண்டபத்தில் எடை மிஷின் வைக்கலாமா?

குன்னூர்க்காரி | ஜனவரி 11, இரவு 9:40

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இன்று ஒரு யோசனை சொன்னேன். பாதிப் பேருக்குப் பிடித்தது, பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். பிப்ரவரி 18 சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் லெந்து தொடங்கும் நாள். அதிலிருந்து ஈஸ்டர் வரை சனிக்கிழமைதோறும் மண்டபத்தில் கூடி ஜெபிக்க வேண்டும், எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும், அந்த வாரம் எந்தப் பழக்கத்தை விட்டோம் என்று சாட்சி சொல்ல வேண்டும். இதுதான் யோசனை.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு வயது 47. இரண்டு வருடத்துக்கு முன்பு 84 கிலோ இருந்தேன், இன்று 70. அம்மா இறந்த வருடத்தில்தான் எல்லாம் கைமீறிப் போனது. வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம் ஊர் மொறுமொறு பலகாரமான வர்க்கி கால் கிலோ வாங்குவேன். வீட்டில் எல்லோரும் படுத்தபின் சால்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் நின்றபடியே தின்பேன். உட்கார்ந்தால் சாப்பிட்டதாகக் கணக்காகிவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம். காலையில் சால்வை மடிப்பில் வர்க்கித் தூள் இருக்கும். மகள் பார்ப்பதற்குள் உதறிவிடுவேன்.

ஓர் இரவு பையைப் பிரிக்குமுன் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிற பழக்கம், அவ்வளவுதான். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. வேண்டிய ஆகாரம் இரவு எட்டு மணிக்கே வயிற்றுக்குள் போயிருந்தது. இது வேறு எதற்கோ. அன்றும் தின்றேன், ஆனால் இரண்டோடு பையைச் சுருட்டி வைத்தேன். அழுகை வந்தது. அம்மாவுக்காக அப்போதுதான் முழுதாக அழுதேன்.

அதன்பின் தினமும் அந்த ஜெபம். மாலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு வரை ஏறி நடப்பது. 15 மாதத்தில் 14 கிலோ. மாத்திரை இல்லை, பவுடர் இல்லை. இதைத் தனியாகச் செய்தேன், தனியாகச் செய்வது மிகவும் கஷ்டம். சபையாகச் சேர்ந்து செய்தால் என்ன?

காந்தல் ஆசிரியர் | ஜனவரி 11, இரவு 10:25

சகோதரி, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். யோசனையை ஏற்க முடியவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர். லெந்தை நாங்கள் தவக்காலம் என்போம். அதில் ஒருசந்தி என்ற உபவாசம், வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லாத சுத்தபோசனம் என்று வளர்ந்தவர்கள். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. என் பாட்டி அந்த நாட்களில் மிச்சமான அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஈஸ்டருக்கு முன் இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஏசாயா 58-இல் சொல்லியிருப்பது அதுதானே, பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொடு என்று. ஒறுத்தலின் பலன் அடுத்தவன் வயிற்றுக்குப் போக வேண்டும். உங்கள் திட்டத்தில் அது உங்கள் இடுப்பளவுக்குப் போகிறது.

மேலும், மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் உபவாசத்தை அந்தரங்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆண்டவர். நீங்கள் நோட்டில் எழுதிச் சாட்சி சொல்லச் சொல்கிறீர்கள். உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்ற வசனத்தையும் யாராவது இங்கே கொண்டு வருவார்கள். அப்போஸ்தலர் பவுல் 1 கொரிந்தியர் 6-இல் அதைச் சொன்னது வேசித்தனத்தைக் குறித்து, வர்க்கியைக் குறித்தல்ல.

கேத்தி சகோதரன் | ஜனவரி 12, காலை 6:10

அக்கா சொல்வது ஜெபத்தின் வல்லமை. அதில் ஏன் குறை காண வேண்டும்? நான் பதினொரு வருடம் புகையிலை போட்டவன். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்துப்போயிருந்தது. ஓர் இரவு முழங்காலில் நின்றேன், விடுதலை கிடைத்தது, அதன்பின் தொடவில்லை. சாப்பாட்டு இச்சையும் அப்படித்தான். வேதத்தில் வரும் தானியேலைப் போலப் பத்து நாள் பருப்பும் தண்ணீருமாக உபவாசம் இருங்கள், கர்த்தர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். மிஷினும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம்.

காந்தல் ஆசிரியர் | ஜனவரி 12, காலை 7:02

தம்பி, தானியேல் முதல் அதிகாரத்தை இன்னொரு முறை வாசியுங்கள். பத்து நாள் முடிவில் அந்த நான்கு வாலிபரும் ராஜபோஜனம் சாப்பிட்டவர்களைவிடப் புஷ்டியாக இருந்தார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. இளைத்தார்கள் என்று இல்லை. ராஜாவின் பந்தியால் தீட்டுப்படக் கூடாது என்பதே அவர்களுடைய கவலை.

கோத்தகிரி செவிலியர் | ஜனவரி 12, பிற்பகல் 2:45

டியூட்டி முடிந்து எழுதுகிறேன். வசனத்தில் எனக்கு உங்கள் அளவு பழக்கம் இல்லை. ‘டாக்டர் வேண்டாம்’ என்ற வரியைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்திருந்தேன். எந்தச் சபை என்பது வேண்டாம். முன்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் நடுங்கினார், முகமெல்லாம் வியர்வை, வார்த்தை குழறியது. சுற்றியிருந்தவர்கள் பரிசுத்த ஆவி இறங்கிய அபிஷேகம் என்று ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் போய்க் கையைப் பிடித்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. பையில் இருந்த கருவியில் பார்த்தால் சர்க்கரை 46, மிகவும் குறைவு. காலையில் வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வந்திருக்கிறார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சீனித் தண்ணீர் கொடுத்தோம், கால் மணியில் தெளிந்தார். இன்னும் அரை மணி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

தம்பி, புகையிலையை ஒரேயடியாக விட்டுவிடலாம், அது இல்லாமல் உடம்பு நன்றாகவே இருக்கும். சாப்பாட்டை அப்படி விட முடியாது. தினமும் மூன்று வேளை அதன் முன்னால் போய் உட்கார வேண்டும். இரண்டும் ஒரே போராட்டம் அல்ல.

குன்னூர் அக்காவுக்கு: நீங்கள் செய்தது நல்ல காரியம். ஆனால் எடை எல்லோருக்கும் வாயால் ஏறுவதில்லை. தைராய்டு குறைந்தால் ஏறும். ஸ்டீராய்டு, மனநோய்க்கான சில மாத்திரைகள் சாப்பிட்டாலும் ஏறும். அவர்களிடம் போய் எந்தப் பழக்கத்தை விட்டாய் என்று சபையில் கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்?

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டிலேயே சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2006-இல் வெளியானது. உணவை மாற்றி நடந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலே கிடைத்த பலன் அது. மிஷினில் முள் அசையவில்லை என்று மூன்றாவது வாரம் மனம் ஒடிந்து நிறுத்திவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். உள்ளே நல்லது நடந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

குன்னூர்க்காரி | ஜனவரி 12, இரவு 8:30

சிஸ்டர், மாத்திரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

ஆசிரியர் ஐயாவுக்கு: பவுல் சொன்ன சந்தர்ப்பம் சரிதான். ஆனால் அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே போங்கள். 1 கொரிந்தியர் 6:12-இல், எல்லாவற்றுக்கும் அதிகாரம் உண்டு, ஆனாலும் ஒன்றுக்கும் அடிமைப்பட மாட்டேன் என்கிறார். அடுத்த வசனம் போஜனத்தையும் வயிற்றையும் பற்றியதுதான். அடுப்படியில் இருட்டில் நின்ற அந்த வருடம் நான் அடிமையாகத்தான் இருந்தேன். பெருந்தீனியைத் தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாக வைத்ததே உங்கள் திருச்சபை. அதைப் பேசும்போது இடுப்பளவு என்று ஏன் ஒதுக்குகிறீர்கள்?

அமெரிக்காவில் சேடில்பேக் என்ற பெரிய சபையில் போதகர் ரிக் வாரன், தன் உடம்பும் சபையாரின் உடம்பும் கெட்டுப்போனதைப் பார்த்து, 2011-இல் தானியேலின் பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கினார். மூன்று மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து நடத்தினார். சபை இதில் இறங்குவது நான் கண்டுபிடித்த புதுமை அல்ல.

காந்தல் ஆசிரியர் | ஜனவரி 12, இரவு 9:15

அடிமைத்தனம் என்று நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இடுப்பளவு என்று எழுதியது கடுமை. மன்னியுங்கள்.

ஆனாலும் ஒரு சொல்லைப் பாருங்கள். உங்கள் ஜெபத்தில் ‘வேண்டிய ஆகாரம்’. எங்கள் பங்குக் கோயிலில் ‘எங்கள் அனுதின உணவை’ என்று சொல்கிறோம். இரண்டிலும் ‘எங்கள்’ என்றுதான் இருக்கிறது, ‘என்’ என்று இல்லை. அந்தப் பன்மையை நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். நீங்கள் சொல்லும் பெருந்தீனி, எங்கள் சொல்லில் போசனப்பிரியம், பாவம் என்றால் அதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவிடம் தனியாகச் சொல்லலாம். மண்டபத்து நோட்டில் எழுத வேண்டியதில்லை.

லைன் வீடு | ஜனவரி 12, இரவு 11:50

இங்கே படிப்பது மட்டும்தான் என் வழக்கம், எழுதியதில்லை.

குன்னூர் அக்கா, நானும் உங்கள் சபைதான். பெயர் வேண்டாம். 88 கிலோ இருக்கிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பின் தைராய்டு. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். தினமும் சாயங்காலம் தராசு முன் வரிசையில் நிற்போம். பையைத் தொங்கவிட்டு நிறுத்து, ஈரத்துக்குக் கழித்து, கிலோவைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவார்கள். குறைந்தால் எல்லோர் முன்னாலும் ஏச்சு. ஆறு நாளும் இப்படி. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எந்தத் தராசும் இல்லாத இடத்துக்கு வருகிறேன்.

மண்டபத்தில் மிஷின் வைத்தால் நான் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. வர முடியாது.

குன்னூர்க்காரி | ஜனவரி 13, காலை 5:35

தூங்கவில்லை. நான்கு முறை படித்தேன்.

தங்கச்சி, மிஷின் வராது. சங்கத்தில் நானே எழுந்து சொல்லிவிடுகிறேன்.

கேத்தி சகோதரன் | ஜனவரி 13, காலை 6:20

நானும் ஒன்று திருத்த வேண்டும். ஓர் இரவில் விடுதலை என்று எழுதினேன். அது நான்காவது முறை. அதற்கு முன் மூன்று முறை முழங்காலில் நின்றிருக்கிறேன், மூன்று முறையும் ஒரு மாதத்துக்குள் கடைக்குப் போய்விட்டேன். நான்காவது முறை எங்கள் சபை அண்ணன் ஒருவர் தினமும் சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் வந்து, கடை இருக்கும் வளைவைத் தாண்டும்வரை என்னோடு நடந்தார். இரண்டு மாதம் நடந்தார். ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. கர்த்தர்தான் விடுவித்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் அந்த அண்ணனை அனுப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கோத்தகிரி செவிலியர் | ஜனவரி 13, பிற்பகல் 1:30

தம்பி, நீங்கள் காலையில் எழுதியதைத்தான் நான் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் விட்டேன். கூட நடக்க ஆள் வேண்டும். நம் ஊரில் நடப்பதற்கு ஒரு முறை உண்டு: ஏற்றத்தை நடந்து ஏறுங்கள், இறக்கத்துக்கு மினி பஸ்ஸில் வாருங்கள். மூட்டு தேய்ந்தவர்களுக்கு வலி கொடுப்பது பெரும்பாலும் இறக்கம்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆராதனை முடிந்ததும் உங்கள் மண்டபத்தில் என்ன கொடுக்கிறார்கள்?

குன்னூர்க்காரி | ஜனவரி 13, இரவு 8:05

டிரம்மில் சீனி போட்டுக் கலந்த டீ, ஆளுக்கு இரண்டு வர்க்கி. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். சங்கத்தின் முறை வரும் வாரம் வாங்கி வருவதே நான்தான்.

கோத்தகிரி செவிலியர் | ஜனவரி 13, இரவு 8:40

ஒரு டீயில் இரண்டு டீஸ்பூன் சீனி என்றால் எட்டுப் பத்து கிராம். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நம் குளிருக்கு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர்கள் இருக்கிறோம், டீயில் போடும் சீனியே அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். வர்க்கியில் மைதா, வனஸ்பதி, மறுபடியும் சீனி. ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கும் பெருமைதான், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வாங்குவேன். ஆனால் சர்க்கரை நோயாளிகள் பத்துப் பேராவது இருக்கும் சபையில், மறுக்க முடியாதபடி கையில் கொடுத்துவிட்டு, இச்சையடக்கத்தைப் பற்றி அவர்களுக்குத் தனிக் கூட்டம் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. முதலில் பந்தியை மாற்றுங்கள். டீயைச் சீனி இல்லாமல் கலந்து, சீனிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

லெந்து தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை எனக்கு விடுமுறை. உபவாசம் இருக்கப்போகிறவர்கள் மாத்திரை அட்டைகளோடு வந்தால், யார் கட்டாயம் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் இருக்க வேண்டாம்.

காந்தல் ஆசிரியர் | ஜனவரி 13, இரவு 9:20

சபைப் பந்தியை மாற்றுவது எல்லோருக்குமானது, அதை மனதார ஆதரிக்கிறேன். எடைக்குறைப்பை லெந்து என்ற பெயரில் நடத்துவதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஈஸ்டருக்குப் பின் தொடங்கினால் என் ஆட்சேபம் தீரும்.

குன்னூர்க்காரி | ஜனவரி 13, இரவு 9:50

ஐயா, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஈஸ்டருக்குப் பின் என்றால் சீசன் வந்துவிடும், யாருக்கும் நேரம் இருக்காது. நாற்பது நாள் வாயைக் கட்டுவதற்கு எங்கள் ஜனம் மனதளவில் தயாராக இருக்கும் காலம் இதுதான். என் எடையை என் வீட்டில் நான் பார்ப்பதையும் விடமாட்டேன், எனக்கு அது உதவுகிறது. ஆனால் வர்க்கிக்கு ஆகும் பணத்தை உங்கள் பாட்டி செய்ததுபோலத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லி கேட்கப்போகிறேன்.

வர்க்கிக்குப் பதில் சுண்டல் என்று நினைக்கிறேன். 120 பேருக்கு எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. போன வருடம் அறுப்பின் பண்டிகைக்குப் போட்டது வேகாமல் கல்லாக இருந்தது.

லைன் வீடு | ஜனவரி 13, இரவு 10:30

அண்டாவில் போட்டால் நம் ஊரில் கடலை வேகாது அக்கா. இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்று என் பெரிய மகன் பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னான். குக்கரில்தான் போட வேண்டும். இந்தக் குளிருக்கு எட்டு மணி நேரம் ஊறினால் பற்றாது, சனிக்கிழமை காலையிலேயே ஊறப் போட்டுவிட வேண்டும். ஐந்து கிலோ கடலை போதும். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் நான்கு வீட்டுக் குக்கரை வாங்கி வைத்தால் நான் வேகவைத்துக் கொண்டுவந்துவிடுவேன். தாளிக்கத் தேங்காயும் கறிவேப்பிலையும் மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.