அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை விலக்கி வீட்டிலேயே கற்பிக்கலாமா?

கேள்வி: இரு பிள்ளைகளின் தாய்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு வயது. இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் இருவரையும் பள்ளியிலிருந்து விலக்கி வீட்டில் நாங்களே கற்பிக்கலாமா என்று நானும் என் கணவரும் நான்கு மாதங்களாகப் பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் பேச்சு தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கிறது.

மகள் வகுப்பில் தரும் கணக்குகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மகனோ எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறுகிறான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியரால் அவன் பக்கத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை. அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் விடுமுறை முடியும் நாளின் மாலைப்பொழுதில் என் மகனுக்குத் தவறாமல் வயிற்றுவலி வருகிறது.

பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டால் நான் பார்க்கும் பகுதிநேர வேலையை விட வேண்டியிருக்கும். பிள்ளைகள் தோழமை இல்லாமல் தனித்துப் போய்விடுவார்கள் என்பது கணவரின் அச்சம். இன்னும் இரண்டு ஆண்டுகள் இப்படியே போனால், தனக்குப் படிப்பு வராது என்று மகன் தானே முடிவு கட்டிவிடுவான் என்பது என் அச்சம். வீட்டில் கற்பித்தவர்களும், யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஆறு ஆண்டுகளாக வீட்டில் கற்பிக்கும் தாய்

சகோதரிக்கு வணக்கம். பள்ளியில் ஆறு மணி நேரம் நடப்பதை வீட்டிலும் ஆறு மணி நேரம் நடத்த வேண்டும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. வருகைப்பதிவு, வரிசை, வகுப்பை அமைதிப்படுத்துவது, எல்லோரும் எழுதி முடிக்கக் காத்திருப்பது ஆகியவற்றைக் கழித்துவிட்டால் தொடக்க வகுப்புப் பாடம் நாளொன்றுக்கு இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் எங்கள் வீட்டில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய பொழுதுதான் உண்மையான வேலை. அதில் நூலகம், தோட்டம், சமையல், மரவேலை என்று எதையாவது பிள்ளையோடு சேர்ந்து செய்ய ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவருக்கும் ஓய்வு தேவை என்பதை யாரும் முன்கூட்டியே கணக்கில் கொள்வதில்லை.

தோழமையைப் பற்றிய உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. பள்ளியில் தானாக அமைவதை இங்கே நாம் அமைத்துத் தர வேண்டும். வாரத்துக்கு இருமுறை ஒரே குழுவோடு, ஒரே நேரத்தில் விளையாட்டோ இசையோ இருந்தால்தான் நட்பு வளர்கிறது. எப்போதாவது ஒருநாள் சந்திக்கும் பிள்ளைகள் அறிமுகமானவர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. மடியில் உட்கார்ந்து கதை கேட்ட என் பிள்ளை, நான் கற்பிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில், நான் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பாடம் என்று எண்ணி எழுந்துபோகத் தொடங்கினான். அதன்பின் இரவில் வாசிக்கும் கதையில் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். அவன் மறுபடி மடிக்கு வர ஓராண்டு ஆயிற்று. உங்கள் மகனுக்கு வாசிப்பதில் சிக்கல் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

மறுமொழி 2: அரசுப் பள்ளி ஆசிரியர்

அம்மா, நீங்கள் இரு பிள்ளைகளின் இரு வேறு சிக்கல்களுக்கு ஒரே மருந்தைத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இருவரையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள்.

முதலில் மகனின் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதியுங்கள். அவற்றில் குறையில்லை என்றால், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பயிற்சி பெற்றவரிடம் மதிப்பீடு செய்யுங்கள். ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் வரும் இடர்ப்பாடு அது. அறிவுத்திறனோடு அதற்குத் தொடர்பில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வோர் ஒலியாக, படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் முறையான பயிற்சி வேண்டும். அது இல்லாமல் வீட்டுக்கு அழைத்துச் சென்றால் இடம் மாறுமே தவிர இடர்ப்பாடு மாறாது. இந்த மதிப்பீட்டையும் சிறப்பு ஆசிரியரின் உதவியையும் அரசுப் பள்ளி வழியாகக் கட்டணமின்றிப் பெறும் உரிமை பல நாடுகளில் உண்டு. பெயரை நீக்கியபின் அது கிடைக்காமல் போகக்கூடும். ஆகவே பள்ளியில் இருக்கும்போதே எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்பது பெரும்பாலும் மறந்துபோகிறது.

ஓர் ஆசிரியர் ஒரு மாணவருக்குத் தனியே கற்பிப்பதன் வலிமையை நான் மறுக்கவில்லை. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் அதன் பயனை மிகப் பெரிதாகக் காட்டினார்; பின்வந்த ஆய்வுகளில் பயன் தெரிந்தாலும் அந்த அளவுக்குத் தெரியவில்லை. வீட்டில் படித்தவர்கள் மற்றவர்களைவிட அதிக மதிப்பெண் பெறுகிறார்கள் என்று சொல்லும் ஆய்வுகளையும் கவனமாகப் படியுங்கள். அவற்றுள் பல தாமாக முன்வந்த குடும்பங்களை மட்டுமே அளந்தவை. நன்றாக நடக்காத வீடுகள் தேர்வு முடிவுகளை அனுப்பிவைப்பதில்லை.

மகளின் சிக்கல் எளிது என்றே நினைக்கிறேன். முடித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு அடுத்த வேலை தரச் சொல்லிக் கேட்கும் பெற்றோரை நான் வரவேற்பேன். இப்படிக் கேட்கக்கூடிய பெற்றோர் ஒவ்வொருவராக விலகிப்போகும்போது, கேட்க ஆளில்லாத பிள்ளைகளும் எதையோ இழக்கிறார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதற்காக உங்கள் பிள்ளையை அங்கே இருத்துங்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

மறுமொழி 3: சட்டம் பயின்றவர்

முடிவெடுக்கும் முன் நீங்கள் வாழும் நாட்டின் சட்டத்தைப் படித்துவிடுங்கள், ஏனெனில் இதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு மிகப் பெரிது. ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்கு நேரில் சென்றே ஆக வேண்டும். அதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்குகளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-இலும் 2019-இலும் அரசின் பக்கமே நின்றது. சுவீடனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிச்சிறப்பான காரணம் இருந்தால் மட்டுமே அனுமதி. பிரான்சில் முன்பு தகவல் தெரிவித்தால் போதுமாக இருந்தது. 2022 முதல் முன்அனுமதி பெற வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பள்ளியிலோ வேறு வழியிலோ தக்க கல்வி தருவது பெற்றோரின் கடமை என்கிறது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். ஆனால் சில மாநிலங்கள் பாடத்திட்டமும் ஆண்டு மதிப்பீடும் கேட்கின்றன, சில மாநிலங்கள் தகவல்கூடக் கேட்பதில்லை. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதில் வீட்டுக்கல்வியைப் பற்றித் தெளிவான விதி இல்லை. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக எழுத முடியும்.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். ஐக்கிய நாடுகள் அவையின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எதிலும் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. உங்கள் கடிதத்தில் இரு பெற்றோரின் அச்சமும் இருக்கிறது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதைக் காணவில்லை.

மறுமொழி 4: மகளைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பிய தந்தை

நாங்கள் இரண்டு ஆண்டுகள் வீட்டில் கற்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். மகள் நன்றாகவே படித்தாள். பன்னிரண்டு வயதில், அம்மா அப்பா தவிர வேறு யாராவது தனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அவள் கேட்டபோது எங்களிடம் மறுக்கக் காரணம் இருக்கவில்லை. திரும்பச் சேர்க்கும்போதுதான் சிரமம் தெரிந்தது. விட்டுவந்த இடம் நமக்காகக் காத்திருப்பதில்லை. எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பள்ளி கேட்டது. காட்ட எங்களிடம் ஒழுங்கான பதிவேடு இல்லை. பாடத்தில் அவள் பின்தங்கவில்லை என்றாலும் குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்கும் பழக்கம் இல்லாமல் முதல் பருவம் முழுவதும் தடுமாறினாள்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், முதல் நாளிலிருந்தே பிள்ளை படித்தது, எழுதியது எல்லாவற்றையும் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். வேலையை விடும் முன், ஒரு வருமானத்தில் மூன்று மாதங்கள் வாழ்ந்து பாருங்கள். ஒரே ஒரு பிள்ளையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வதும் முடியாத காரியமில்லை.

கேள்வி கேட்ட தாய்

ஐயா, அம்மா, உங்கள் அனைவருக்கும் என் நன்றி. பிள்ளைகளைக் கேட்டோமா என்ற கேள்வி என்னை உறுத்தியது. நாங்கள் கேட்கவே இல்லை. நேற்று இரவு இருவரையும் தனித்தனியே கேட்டோம். மகள் பள்ளியை விட மாட்டேன் என்று அழுதுவிட்டாள். கணக்கை முடித்தபின் தன் கதைப்புத்தகத்தை எடுத்துப் படிக்க அனுமதி வாங்கித் தந்தால் போதுமாம். மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, வீட்டில் இருந்தாலும் நீ என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாயா அம்மா என்று கேட்டான்.

மகள் பள்ளியிலேயே படிப்பாள் என்பதில் எங்களுக்கு இப்போது கருத்து வேறுபாடு இல்லை. மகனுக்குச் செவித்திறன் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம். வாசிப்பு மதிப்பீடு வேண்டும் என்று பள்ளிக்குக் கடிதமும் எழுதிவிட்டேன். அந்த முடிவு வரும்வரை என் வேலையை விடப்போவதில்லை. அதுவரை வீட்டில் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாமல், நானே வாசித்துக் காட்டுகிறேன்.