கையொப்பம் இல்லாத அரூப ஓவியம்: யார் வரைந்தது, என்ன மதிப்பு?

கேள்வி: மயிலாப்பூர் வாசகர்

வணக்கம். என் பெரியப்பா 1970களில் சென்னையில் வாங்கிய அரூப ஓவியம் ஒன்று இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். அகலம் மூன்றடி, உயரம் இரண்டரை அடி இருக்கும். மங்கிய மஞ்சள் பரப்பின்மேல் ஜாதகக் கட்டம்போல் கோடுகளும், எந்த மொழியிலும் வாசிக்க முடியாத எழுத்துகளும் உள்ளன. முன்பக்கம் கையொப்பம் இல்லை. புகழ்பெற்ற ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் வரைந்ததுதான் என்று உறவினர்கள் அடித்துச் சொல்கிறார்கள். வாங்க வந்தவரோ, பெயரில்லாத படம் என்று அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். சகோதரர்களுக்குள் கணக்குத் தீர்க்க நியாயமான மதிப்பு தேவைப்படுகிறது. எங்கிருந்து தொடங்குவது? தூசியை ஈரத்துணியால் துடைக்கலாமா?

பதில்: ஓவியப் பராமரிப்புப் பணியில் இருப்பவர்

ஈரத்துணி வேண்டவே வேண்டாம். வெடிப்பு விட்டிருக்கும் வண்ணத்தில் ஈரம் இறங்கினால் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் மேலாகத் தட்டினால் போதும். அதையும் வண்ணம் தளர்ந்த இடங்களில் செய்யாதீர்கள்.

முதலில் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுங்கள். கேன்வாஸை இழுத்துக் கட்டிய மரச்சட்டம், துருப்பிடித்த ஆணிகள், மூலைகளில் செருகிய ஆப்புகள், பென்சில் குறிப்புகள், கிழிந்த சீட்டுகள் எல்லாம் பதிவாக வேண்டும். முன்பக்கம் கையொப்பம் இல்லை என்பதாலேயே பெயரில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது. இந்திய அரூப ஓவியர் வி.எஸ். கைதொண்டேயின் பல ஓவியங்களில் கையொப்பமும் ஆண்டும் பின்பக்கம்தான் இருக்கின்றன; அவர் 1961இல் வரைந்த தலைப்பில்லாத ஓவியம் ஒன்று 2021இல் ஏலத்தில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்க்குப் போனது.

ஆய்வகச் சோதனைக்கு இப்போதே செலவழிக்காதீர்கள். வண்ணப்பொருளைக் கொண்டு காலத்தைக் கணிப்பது பழைய படங்களுக்குப் பெரிதும் உதவும். ஆனால் 1970களில் ஆசிரியரும் மாணவரும் போலி செய்பவரும் ஒரே வகைக் குழாய் வண்ணத்தை வாங்கியிருக்கக்கூடும் என்பதால், உங்கள் கேள்விக்கு அது விடை தராது.

பதில்: சென்னை ஓவிய மரபை வாசிப்பவர்

உறவினர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டங்களும் படிக்க முடியாத எழுத்துகளும் நிறைந்திருக்கும். ஆனால் அவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966இல் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக முன்னின்றவர். கோடும் குறியீடும் எழுத்தும் அந்தத் தலைமுறைக்கே பொதுவான மொழியாக இருந்தன. ஆகவே இந்த ஒற்றுமை ஓர் ஓவியக் குழுவின் பொதுப் பாணியைக் காட்டலாமே தவிர, தனி ஒருவரின் கையைக் காட்டாது. திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தில் பணிக்கருக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கே எழுத்துகள் எவ்வளவு அடர்த்தியாக, எந்த அழுத்தத்தில் தீட்டப்பட்டுள்ளன என்பதை அருகில் நின்று பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பின்பக்கம் மேல்சட்டத்தில் பாதி கிழிந்த அச்சுச் சீட்டு இருக்கிறது. 'அகாதெமி' என்ற ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதியும், மையால் எழுதிய ஓர் எண்ணும் தெரிகின்றன.

பதில்: ஓவியப் பராமரிப்புப் பணியில் இருப்பவர்

அந்தச் சீட்டைப் பிரிக்கவோ ஒட்டவோ வேண்டாம். தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் கண்காட்சிக்குப் போன படமாக இருந்தால், அந்தக் காலக் கண்காட்சிக் கையேடுகளோடு எண், ஊடகம், அளவு மூன்றையும் ஒப்பிடலாம். மூன்றும் பொருந்தினால் பெயரே கிடைத்துவிடும். சென்னையிலுள்ள அகாதெமி மண்டல மையத்தில் கேட்டுப் பாருங்கள். பெரியப்பாவின் பழைய ரசீதுகள், கடிதங்கள், இந்தப் படம் சுவரில் தெரியும் குடும்பப் புகைப்படங்கள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். படம் யார் கையில் எப்போது இருந்தது என்ற தொடர்ச்சிதான் விலையைத் தாங்கும்.

பதில்: ஏலப் பட்டியல்களைக் கவனிப்பவர்

மதிப்பு என்று கேட்கும்போது எந்த மதிப்பு என்பதையும் சொல்லுங்கள். காப்பீட்டுக்கான தொகை, அதேபோன்ற படத்தை மீண்டும் வாங்க ஆகும் செலவு என்பதால் அதிகமாக இருக்கும். சகோதரர்களுக்குள் பிரிக்க, இன்றைய சந்தையில் விற்றால் கிடைக்கும் தொகைதான் நியாயம். ஏல நிறுவனங்கள் பலவும் புகைப்படங்களைப் பார்த்து, கட்டணமின்றி உத்தேச மதிப்பு சொல்வதுண்டு. பட்டியலில் 'இன்னாருடையது', 'இன்னாருடையதாகக் கருதப்படுவது', 'இன்னார் பாணியில்' என்பவை வெவ்வேறு பொறுப்புகளைக் குறிக்கும் சொற்கள். விலையும் அதற்கேற்ப இறங்கும். மதிப்பிடுபவரே வாங்கவும் முன்வந்தால் அவருடைய மதிப்பை ஏற்க வேண்டாம். சீட்டின் எண்ணைத் தேடி முடிக்கும்வரை எவரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.