மங்குக்குப் பெரணி கேப்சூல் சாப்பிட்ட கதை

எனக்குக் கன்னத்தில் மங்கு, அதாவது பழுப்புக் கருந்திட்டு, வந்து நாலு வருஷம் ஆகிறது. இடப்பக்கம்தான் அடர்த்தி. நான் வேலை செய்யும் மேஜைக்கு இடப்பக்கம் ஜன்னல். வீட்டுக்குள்தானே இருக்கிறோம் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யுவிபி வகையைப் பெருமளவு தடுத்தாலும் யுவிஏ வகை உள்ளே வரும், சாதாரண வெளிச்சத்தில் இருக்கும் நீல ஒளிகூட மாநிறத் தோலைக் கருக்க வைக்கும் என்று தோல் மருத்துவர் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது.

இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் எழுதிக்கொடுத்தார். கூடவே பாலிபோடியம் லூகோடோமோஸ் கேப்சூல், 240 மில்லிகிராம், காலையும் மதியமும். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு பெரணிச் (ஃபெர்ன்) செடியின் சாறாம். அது வெளிச்சத்தைத் தடுக்காது. வெளிச்சம் பட்ட பிறகு தோலுக்குள் நடக்கும் சேதத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான் என்றார்.

அந்த 'அவ்வளவுதான்' என் காதில் ஏறவில்லை. முதல் மாதம் ஒழுங்காகப் பூசினேன். அப்புறம், மாத்திரைதான் இருக்கிறதே என்று கிரீமை விட்டுவிட்டேன். (குர்தா கழுத்தெல்லாம் பழுப்புக் கறை என்பது நான் சொல்லிக்கொண்ட சாக்கு.) மூன்றே வாரம். மேலுதட்டுக்கு மேலே, மீசை மழித்த இடம் மாதிரி ஒரு நிழல். பழைய செல்ஃபியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. உங்களில் யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

---

நானும் மூன்று மாதம் சாப்பிட்டேன் அக்கா. மங்கில் சொல்லும்படி மாற்றமில்லை. ஆனால் வெயிலில் போய்வந்தால் கையில் அரிப்போடு தடிப்பு வருமே, அது நன்றாகக் குறைந்தது. வெறும் வயிற்றில் போட்டால் எனக்குக் குமட்டியது.

---

2018-லேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, வெயிலிலிருந்து காப்பாற்றும் மாத்திரை என்று விற்ற சில நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சன்ஸ்கிரீனுக்கு மாற்றாக எந்த மாத்திரையும் கிடையாது என்றும் சொன்னது. மங்குக்கு நான் எடுத்தது பெரணி இல்லை, பைன் மரப்பட்டைச் சாறு. அப்பாவுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், வேண்டாம் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். செடியில் செய்ததுதானே என்று யாரும் நினைக்காதீர்கள்.

---

நன்றி. மறுபடி பூச ஆரம்பித்து இரண்டு மாதம், நிழல் வெளுக்கிறது. கேப்சூலையும் விடவில்லை. எது வேலை செய்கிறது என்று கேட்காதீர்கள், நடுவில் மேஜையையும் ஜன்னலிலிருந்து நகர்த்திவிட்டேன்.