மௌஸ் ஆயா கையிலேயே இருக்கட்டும்

குழு: காட்பாடி வீட்டுச் சொந்தங்கள்

சனிக்கிழமை

காட்பாடி பெரியப்பா, காலை 7:05
எல்லோருக்கும் வணக்கம். என் லேப்டாப்பைத் திறந்தாலே விண்டோஸ் 10-க்கு இனி ஆதரவு கிடையாது என்று ஒரு அறிவிப்பு வந்து நிற்கிறது. கடையில் காட்டினேன். இதில் 11 ஏறாது, புதிதாக வாங்கிவிடுங்கள் சார் என்கிறார். 2015-இல் வாங்கியது. கீபோர்டில் ஒரு எழுத்துகூட இன்னும் அழியவில்லை. மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

ராணிப்பேட்டை அண்ணன், 7:20
கடைக்காரர் சொன்னது சரிதான் அப்பா. 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் பத்தை நிறுத்திவிட்டது. பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்களுடையது ஐந்தாம் தலைமுறை ஐ3. பொங்கலுக்குள் நான் புதிதாக எடுத்துத் தருகிறேன்.

சத்துவாச்சாரி சித்தி, 7:41
மாமா, அவசரப்பட்டு எதுவும் வாங்க வேண்டாம். 4 ஜிபி ராம் இருக்கிறதல்லவா? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் அதில் நன்றாக ஓடும், லினக்ஸின் வகைகளில் ஒன்று. எங்கள் வீட்டில் உங்கள் அம்மாவும் (பிள்ளைகளுக்கு ஆயா) என் சின்னவனும் பழகுவது அதில்தான்.

காட்பாடி பெரியப்பா, 7:44
லினக்ஸா? கறுப்புத் திரையில் கட்டளை கட்டளையாக அடிப்பார்களே, அதுதானேம்மா? இந்த வயதில் எனக்கு எதற்கு?

சத்துவாச்சாரி சித்தி, 7:52
அந்தத் திரை உள்ளே இருக்கிறது, நீங்கள் அதைத் திறக்கவே வேண்டாம். கீழே இடது மூலையில் மெனு, பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ், வலது மூலையில் கடிகாரம். பார்வைக்கு உங்கள் பழைய விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும். மெனுக்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், நடுநடுவே ஆங்கிலமும் எட்டிப்பார்க்கும்.

ஆரணி அத்தை, 8:15
இலவசம் என்கிறார்களே, சும்மா கொடுப்பவன் பின்னால் ஏதாவது பிடுங்க மாட்டானா? பேங்க் பாஸ்வேர்டெல்லாம் போடுவோமே.

சத்துவாச்சாரி சித்தி, 8:31
நல்ல கேள்வி அண்ணி. பள்ளியில் பெற்றோரும் இதையேதான் கேட்கிறார்கள். லினக்ஸின் உள்மையத்தை 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கினார். அதன் நிரல் முழுக்க எல்லோர் கண்ணெதிரே கிடக்கிறது. தெரிந்தவர் யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து அதை வளர்க்கின்றன, அவர்கள் தொழிலும் அதில் ஓடுவதால். மின்ட் குழு நன்கொடையிலும் விளம்பர ஆதரவிலும் நடக்கிறது. உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு அடியில் இருப்பதும் லினக்ஸ்தான். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதும் இதில்தான்.

ஏன், பாப்பா பன்னிரண்டாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் உங்கள் பரணில்தானே இருக்கிறது? அதைத் திறந்தால் விண்டோஸா பாஸா என்று கேட்குமே. அந்த பாஸ், சிடாக் என்ற மத்திய அரசு நிறுவனம் நம் நாட்டிலேயே செய்த லினக்ஸ். அதை யாரும் தொடாமலே விட்டுவிட்டோம். வருத்தமாக இருக்கும் எனக்கு.

ஆரணி அத்தை, 8:36
ஆமாம், கேட்கும்! பாப்பா எப்போதும் மேலே இருப்பதைத்தான் அழுத்துவாள். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

ராணிப்பேட்டை அண்ணன், 8:50
சித்தி, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்பாவின் எக்செல் கணக்கு, பிரிண்டர், பேங்க்? ஒன்று நின்றாலும் எனக்குத்தான் ஃபோன் வரும்.

சத்துவாச்சாரி சித்தி, 9:04
பேங்க் பிரவுசரில் நடப்பது, அதில் மாற்றமில்லை. எக்செல் கோப்புகளை லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கும், அதே வடிவில் சேமிக்கவும் செய்யும். மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளைகள், போட்ட கணக்கு என்றால் தகராறு வரலாம், மாமாவுடையது வெறும் கூட்டல் கழித்தல்தான். பிரிண்டர் ஹெச்பி என்றால் பெரும்பாலும் கேபிளைச் செருகினதும் பிடித்துக்கொள்ளும். டேலி வைத்துத் தொழில் செய்பவருக்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தினமும் தேவைப்படுபவருக்கும் நான் இதைச் சொல்ல மாட்டேன். மாமாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் முதல் நாளே அழித்துப் போட வேண்டியதும் இல்லை. 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். வைஃபை, சத்தம், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்வோம்.

ராணிப்பேட்டை அண்ணன், 9:10
சரி. அப்படியென்றால் நாளை நான் வந்து எல்லாவற்றையும் செட் செய்துவிடுகிறேன். அப்பா எதையும் தொட வேண்டாம், முடிந்ததும் உட்கார்ந்தால் போதும்.

சத்துவாச்சாரி சித்தி, 9:38
இல்லப்பா, அதைத்தான் செய்யக் கூடாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஆயாவுக்கு 84 வயது. ஆரம்பத்தில் சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒரு நொடி தயங்கினாலும் மௌஸைப் பிடுங்கி அவனே அழுத்திவிடுவான். ஆயா கையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அப்படியே போனால் எத்தனை நாள் ஆனாலும் எதுவும் வராது. அப்புறம் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: கற்றுக்கொடுப்பவர் கை மேசைக்குக் கீழே. வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

ஜிகாம்ப்ரி என்று ஒரு மென்பொருள். 2000-த்தில் தொடங்கியது, சின்னப் பிள்ளைகளுக்கானது. அதில் ஒரு விளையாட்டில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக மூடியிருக்கும். மௌஸை மேலே நகர்த்தினால் கட்டம் அழிந்து உள்ளே இருக்கும் படம் தெரியும். அது பழகியதும் அடுத்ததில் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு முறை கிளிக் செய்ய வேண்டும். அதற்கடுத்ததில் டபுள் கிளிக். பெரியவர்கள் எல்லோரும் தடுமாறுவது இந்த டபுள் கிளிக்கில்தான்; முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவே கை நகர்ந்துவிடும். ஆயா மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார். ஒரு படம் முழுதாகத் தெரிந்ததும், “பார்றா, என் கைக்கும் கட்டுப்படுது” என்றார்.

அதன் பிறகு டக்ஸ் பெயின்ட் என்ற படம் வரையும் மென்பொருள். 2002-இல் வந்தது. அதன் மேஜிக் கருவிகளில் கெலைடாஸ்கோப் என்று ஒன்று. ஒரு பக்கம் கோடு இழுத்தால் எதிர்ப்பக்கங்களிலும் அதே கோடு விழும். ஆயா அதில் கோலம் போடுகிறார்! எங்கே சேமிப்பது, என்ன பெயர் வைப்பது என்று அது கேட்டுத் தொந்தரவு செய்யாது. அடுத்த முறை திறந்தால் எல்லாக் கோலமும் சின்னச் சின்னப் படமாக வரிசையில் நிற்கும், வேண்டியதைத் தொட்டால் போதும்.

மாமாவுக்கும் அப்படித்தான். நீ போய்ச் செய்துகொடுத்தால் அது உன் கம்ப்யூட்டர், அவர் விருந்தாளி. அவரே பென் டிரைவைச் செருகட்டும், அவரே மொழியைத் தேர்ந்தெடுக்கட்டும், பாஸ்வேர்டையும் அவரே வைக்கட்டும். நேரம் ஆகும், ஆகட்டும்.

காட்பாடி பெரியப்பா, 9:45
அம்மா கோலத்தை ஒன்று அனுப்பும்மா, பார்க்கிறேன்.

சத்துவாச்சாரி சித்தி, 9:47
[படம்]

காட்பாடி பெரியப்பா, 9:49
அடேயப்பா. மார்கழிக்கு வாசலில் போடுவாரே, அந்த ஓரச் சுழி அப்படியே வந்திருக்கிறது. தம்பி, சித்தி சொல்வது நியாயம். போன தடவை நீ வந்தபோது ஏதேதோ மாற்றிவிட்டுப் போனாய், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்தத் தடவை நானே செய்கிறேன். நீ பக்கத்தில் இரு.

ராணிப்பேட்டை அண்ணன், 9:55
சரி அப்பா. கை மேசைக்குக் கீழே.

சத்துவாச்சாரி சித்தி, 10:12
நான் சின்னவன், அம்மா கணக்கிலிருந்து எழுதுகிறேன். மின்ட்டில் வாட்ஸ்அப் வெப் திறந்து தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டுகிறேன். பெரியப்பா, அது சுலபம். உயிரெழுத்து இடது கைப் பக்கம், மற்றதெல்லாம் பெரும்பாலும் வலது கைப் பக்கம். அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். புள்ளி தானாகவே வந்துவிடும். ஆயாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கீபோர்டில் தமிழ் ஸ்டிக்கர் ஒட்டினால் இன்னும் சீக்கிரம் வரும்.

ஆரணி அத்தை, 10:20
சமத்து! எனக்கும் சொல்லிக்கொடுடா. ஃபோனில் குரலில் பேசி அனுப்பிப் பேசி அனுப்பி எழுத்தே மறந்துபோகிறது.

காட்பாடி பெரியப்பா, 10:26
எனக்கு இரண்டு பயம், சொல்லிவிடுகிறேன். ஒன்று, எதையாவது தவறாக அழுத்திக் கெடுத்துவிட்டால்? இரண்டு, கண்ணாடி போட்டாலும் எழுத்து பொடியாகத் தெரிகிறது.

சத்துவாச்சாரி சித்தி, 10:40
முதல் பயத்துக்கு டைம்ஷிஃப்ட் இருக்கிறது மாமா, மின்ட்டுடனே வரும். நிறுவி முடித்ததும் அதில் ஒரு பதிவு எடுத்து வைப்போம். எப்போது சிஸ்டம் கோளாறானாலும் அந்த நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அது சிஸ்டத்துக்குத்தான், உங்கள் படங்களைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைக்க வேண்டும். குடியாத்தம் சிரசுத் திருவிழாப் படங்கள் இந்த லேப்டாப்பில்தானே இருக்கின்றன? அவற்றை முதலில் காப்பி செய்யாமல் பென் டிரைவையே தொட மாட்டேன்.

இரண்டாவதற்கு, எழுத்தளவை 1.0-இலிருந்து 1.3, 1.4 என்று கூட்டிக்கொள்ளலாம். மௌஸ் அம்புக்குறியையும் பெரிதாக்கலாம். டபுள் கிளிக் வராவிட்டால் ஒரே கிளிக்கில் கோப்பு திறக்கும்படி மாற்றலாம், ஆயாவுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன். வலது மூலையில் கேடயம் மாதிரி ஒரு படம் இருக்கும். அதில் புள்ளி தெரிந்தால் அப்டேட் வந்திருக்கிறது என்று அர்த்தம், வாரம் ஒரு முறை அழுத்தினால் போதும். தமிழில் படிக்க வேண்டுமென்றால் கணியம் தளத்தில் 2012-இலிருந்து லினக்ஸ் பற்றி எழுதிவருகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும்.

காட்பாடி பெரியப்பா, 10:44
அப்படியானால் நாளைக்கே வைத்துக்கொள்வோம். மதியம் இங்கேயே சாப்பாடு. முள்ளுக் கத்தரிக்காய் வந்திருக்கிறது, எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கச் சொல்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஆரணி அத்தை, 10:58
நானும் பஸ் பிடித்து வருகிறேன். பரணிலிருந்து அந்த லேப்டாப்பை இறக்கிவிட்டேன். 2 ஜிபி ராம் என்று அடியில் எழுதியிருக்கிறது. ஆகுமா?

சத்துவாச்சாரி சித்தி, 11:03
மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு ஓடும் அண்ணி. ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திணறும். 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டால் நன்றாகவே போகும். முதலில் உயிர் இருக்கிறதா பார்ப்போம், சார்ஜரையும் எடுத்து வாருங்கள்.

ஆரணி அத்தை, 11:06
சார்ஜரைத்தான் காணவில்லை. பாப்பாவைக் கேட்கிறேன்.

ராணிப்பேட்டை அண்ணன், 11:15
அத்தை, லேப்டாப்பில் சார்ஜர் செருகும் இடத்தையும் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை வோல்ட் என்று பார்த்து, பொருந்துவது கிடைத்தால் வரும் வழியில் வாங்கி வருகிறேன். சித்தி, பென் டிரைவ் நீங்கள் ஏற்றி எடுத்து வருகிறீர்களா?

சத்துவாச்சாரி சித்தி, 11:18
இரவே ஏற்றிவிடுகிறேன். மாமா, பென் டிரைவிலிருந்து தொடங்க, உங்கள் லேப்டாப் ஆன் ஆகும்போது எஃப்12 அழுத்த வேண்டியிருக்கும், சிலவற்றில் எஃப்9. உங்கள் கம்பெனிக்கு எது என்று திறக்கும்போது திரையில் ஒரு நொடி காட்டும். இன்றைக்கே ஒரு முறை பார்த்துக் குறித்துவையுங்கள்.

காட்பாடி பெரியப்பா, 11:31
பார்த்துவிட்டேன். எஃப்12தான். நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.