ஃபிலிம் ஒட்டினதுல இருந்து கார்க்குள்ள சிக்னல் இல்ல, மெட்டாசர்ஃபேஸ் ஸ்டிக்கர் வேலை செய்யுமா?

ஊர்சுத்தி_கோவை: அவசரம் மக்களே. போன வாரம் எல்லா கண்ணாடிக்கும் ஃபிலிம் ஒட்டினேன், அதுல இருந்து உள்ள 5ஜி ஒரு கோடுதான், கால் கட் ஆகுது, டோல்ல ஃபாஸ்டேக் ரீட் ஆகல, பின்னாடி நிக்கிறவன் ஹாரன் அடிச்சே கொல்றான். ட்ரான்ஸ்பரன்ட் மெட்டாசர்ஃபேஸ்னு ஏதோ ஸ்டிக்கர் இருக்காமே, ஒட்டினா சரியாகுமா? நாளைக்கு காலைல சேலம் கிளம்பணும்

பல்லாவரம்_பாபு: என்ன கார், என்ன ஃபிலிம், எந்த சிம்? எதையும் சொல்லாம எப்படி ப்ரோ

மணி_டெக்: சிம் பழசா இருக்கும், மாத்திப் பாருங்க

பல்லாவரம்_பாபு: சிம் மாத்தினா ஃபாஸ்டேக் ரீட் ஆகுமா மணி 😂

ஆன்டெனா_தாத்தா: இதே கேள்விக்கு பத்து தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் பாக்கத்தான் ஆள் இல்ல. தம்பி, கார நிறுத்தி ஜன்னல இறக்கி போன்ல டிபிஎம் (சிக்னல் பலம், மைனஸ்ல காட்டும், எண் பெருசானா சிக்னல் கம்மி) பாரு, ஏத்திட்டு திரும்பப் பாரு. 10க்கு மேல வித்தியாசம்னா உன் ஃபிலிம்ல மெட்டல் இருக்கு. அப்புறம் டேக் ஃபிலிம் மேல ஒட்டியிருக்கா, கண்ணாடி மேலயா?

மணி_டெக்: அப்போ ஒரு பூஸ்டர் வாங்கிடுங்க

ஆன்டெனா_தாத்தா: லைசென்ஸ் இல்லாம பூஸ்டர் வச்சா குத்தம். தெரியாட்டி சும்மா இரு.

அலைநீளம்: மெட்டாசர்ஃபேஸ், அதாவது ரேடியோ அலைய வேணும்கிற பக்கம் திருப்பி விடுற நுண்ணிய வடிவங்கள் பதிச்ச மெல்லிசான தகடு, நிஜம்தான், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. 2020ல டோகோமோங்கிற மொபைல் கம்பெனியும் ஏஜிசிங்கிற கண்ணாடிக் கம்பெனியும் ஜப்பான்ல 28 கிகாஹெர்ட்ஸுக்கு கண்ணாடி மாதிரியே ஒண்ணு செஞ்சு சோதிச்சாங்க. அங்க அலைநீளம் ஒரு சென்டிமீட்டர், ஃபாஸ்டேக் ஓடுற 865 மெகாஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 35. ஒரு பேண்டுக்கு (அலைவரிசைக்கு) செஞ்சது இன்னொண்ணுக்கு உதவாது. சுவிட்சர்லாந்துல ரயில் ஜன்னல்ல இருக்கிற மெட்டல் பூச்சையே லேசரால மெல்லிசா கோடு கோடா சுரண்டி விட்டாங்க, வெயில் வராது, சிக்னல் வரும். அதாவது உலோகத்த எடுக்கிறதுதான் வித்தை, மேல ஒண்ண ஒட்டுறது இல்ல

சட்டம்_பேசுவோம்: முதல்ல ஃபிலிமே தப்பு, 2012லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு

பல்லாவரம்_பாபு: முன்னாடி பின்னாடி 70, சைடு 50 சதவீதம் வெளிச்சம் போனா ஒட்டலாம்னு 2024ல கேரளா ஐகோர்ட் சொல்லுச்சே

சட்டம்_பேசுவோம்: அது கேரளா. அவர் கோவை.

பல்லாவரம்_பாபு: வாளையார் தாண்டினா சட்டம் மாறிடுமா சார்?

(இதுக்கப்புறம் பதினாலு பதில் இதே சண்டை)

ஊர்சுத்தி_கோவை: டேக் ஃபிலிம் மேலதான் இருந்துச்சு. ஜன்னல் ஏத்தினா -109, இறக்கினா -93. கண்ணாடிக்குப் பின்னாடி கையகலம் ஃபிலிம வெட்டி எடுத்தாச்சு, பழைய டேக் உரிக்கும்போதே கிழிஞ்சிடுச்சு, புதுசு வாங்கணும். கிளம்பறேன், தேங்க்ஸ் தாத்தா

ஆன்டெனா_தாத்தா: எந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி? இன்னும் கார் பேரே சொல்லல.